பட்டறை பதில்கள்: ஒரே சிலிண்டர், எத்தனை புல்லட்!

போன இதழில் ஸ்கூட்டர் பெல்ட் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் ‘அடுத்த முறை புல்லட்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி கேள்வி, பாதி சண்டை. சண்டைக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

புல்லட் இங்கிலாந்து வண்டியா, நம் ஊர் வண்டியா? எனக்கும் அப்பாவுக்கும் பந்தயம்.
கல்லூரி மாணவி, சேலம்

பந்தயப் பணத்தை இருவரும் பாதிப்பாதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது இங்கிலாந்தில், ரெடிச் என்ற ஊரில். புல்லட் என்ற பெயரை ராயல் என்ஃபீல்டு முதலில் 1932-ல் வைத்தது. ஆனால் நாம் புல்லட் என்று கண்ணை மூடிக்கொண்டு நினைக்கும் வண்டி 1949-ல் விற்பனைக்கு வந்த 350. கொள்ளளவு 346 சிசி. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 70 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 90. அந்தக் காலத்தில் பல வண்டிகளுக்குப் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாக இருக்கும். பள்ளத்தில் விழுந்தால் முதுகுதான் ஷாக் அப்சார்பர். இதற்குப் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும்படி ஸ்விங் ஆர்ம் வைத்திருந்தார்கள். 1953-ல் அதே ஸ்ட்ரோக்கில் போரை மட்டும் 84-ஆகப் பெரிதாக்கி 500-ம் வந்தது.

1952-ல் இந்திய ராணுவம் மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக 350 சிசி புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. வண்டி எல்லையில் தாக்குப்பிடித்தது. 1955-ல் ரெடிச்காரர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டினார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. ரெடிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது, 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனியின் கதையே முடிந்தது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி தொடங்கிவிட்டார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரெடிச்சில் 1955-க்குப் பிறகும் புல்லட்டை மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். நம்மிடம் வந்தது 1955-ன் வடிவம். அது அப்படியே பல பத்தாண்டுகள் ஓடியது. இப்போது இதைப் பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்கிறோம். அன்றைக்கு மாற்ற வசதியும் இல்லை, மாற்றவேண்டிய கட்டாயமும் இல்லை. லைசென்ஸ், பெர்மிட் காலம். புது இயந்திரம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணிக்கு அலைய வேண்டும். செய்கிற வண்டியை வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது யார் அலைவார்கள்?

தாத்தா காலத்து 1978 மாடல் வீட்டில் இருக்கிறது. பேரன் எத்தனை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டு முறை கிக்கர் திருப்பி அடித்து முழங்கால் வீங்கிவிட்டது. என் மகன் உதைத்தால் மட்டும் உடனே எடுக்கிறது. வண்டிக்கு ஆள் தெரியுமா?
ஒரு பாட்டி, காரைக்குடி

வண்டிக்கு ஆள் தெரியாது அம்மா, உங்கள் மகனுக்கு ஆம்பியர் மீட்டர் பார்க்கத் தெரியும். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைப் படித்துக்காட்டுங்கள்.

பழைய புல்லட்டில் பலம் வேலை செய்யாது. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிந்து உதைக்க வேண்டும். சாவியைப் போட்டுவிட்டு கிக்கரை மெதுவாக, கையால் அழுத்துவதுபோல் காலால் அழுத்தச் சொல்லுங்கள். ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாயும், திரும்ப நடுவுக்கு வரும். சாய்ந்திருந்தால் பாயிண்ட், அதாவது தீப்பொறியை விடும் சுவிட்ச், மூடியிருக்கிறது. நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது. ஓரிடத்தில் கிக்கர் கல்லுபோல் நிற்கும். அதுதான் கம்ப்ரஷன். அங்கே இடது கைப்பிடியில் இருக்கும் சின்ன டீகம்ப்ரஸர் லீவரை, அதாவது அந்த அழுத்தத்தை வெளியே விடும் லீவரை, பிடித்துக்கொண்டு, முள் நடுவைத் தாண்டும் வரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை முழுதாக மேலே வரவிட்டு, ஒரே உதை, அடிவரைக்கும். ஆக்ஸிலரேட்டரைத் தொடவே கூடாது. பையன்கள் உதைக்கும்போதே முறுக்குவார்கள், அங்கேதான் கெடும்.

திருப்பி அடிப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பயந்து பாதியில் நிறுத்தும் அரை உதை. பிஸ்டன் மேலே போய்ச் சேருமுன் தீப்பொறி விழுந்தால் அது வந்த வழியே திரும்பும், கூடவே கிக்கரும். இரண்டு, டைமிங். பாயிண்ட் செட்டுக்குக் கீழே ஆட்டோ அட்வான்ஸ் என்று இரண்டு எடைகளும் ஸ்பிரிங்கும் இருக்கும். வேகம் கூடும்போது தீப்பொறியை முன்னால் தள்ளுவது அதன் வேலை. ஸ்பிரிங் தளர்ந்தோ துரு பிடித்தோ மாட்டிக்கொண்டால், நிற்கும் வண்டியிலும் தீப்பொறி முன்னாலேயே விழும். மகனுக்கு எடுத்து பேரனுக்கு எடுக்கவில்லை என்பதால் உதையில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். ஆனாலும் முழங்காலை நினைத்து மெக்கானிக்கிடம் அந்த ஸ்பிரிங்கை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய 350-ல் எவ்வளவு செலவு செய்தாலும் ஆயில் ஒழுகல் நிற்கவில்லை. ‘ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம்’ என்று மெக்கானிக் சிரிக்கிறார்.
விவசாயி, பொள்ளாச்சி

அந்த ஜோக்கைச் சொல்லிச் சொல்லியே எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வேலை செய்யாமல் தப்பித்துவிட்டார்கள். ஓரளவு ஒழுகல் அந்த டிசைனிலேயே இருக்கிறது, மறுக்கவில்லை. எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி, நடுவில் இரண்டையும் இணைக்கும் பிரைமரி செயின் பெட்டி தனி. சேர்மானம் எத்தனை உண்டோ ஒழுக அத்தனை வழி.

முதலில் இடது பக்கம் பிரைமரி மூடியைப் பாருங்கள். அவ்வளவு பெரிய மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது, சுற்றிலும் ரப்பர் சீல். ஒழுகினால் எல்லோரும் அந்த நட்டை இன்னும் முறுக்குகிறார்கள். முறுக்க முறுக்க மூடி நடுவில் உள்வாங்கும், ஓரம் தூக்கும், முன்பைவிட அதிகமாக ஒழுகும். சீலை மாற்றி, மூடியைக் கண்ணாடிப் பலகையில் வைத்து மட்டம் பார்த்து, அளவாக இறுக்க வேண்டும்.

அடுத்தது பிரீதர். பெரிய பிஸ்டன் ஒன்று மட்டும் மேலும் கீழும் போகும்போது, கீழே கிராங்க் கேஸில் இருக்கும் காற்றும் அழுத்தப்படுகிறது. அது வெளியேற ஒரு குழாயும், வெளியே போன காற்று திரும்பி உள்ளே வராமல் தடுக்க வாத்து அலகு போல ஒட்டியிருக்கும் ஒரு ரப்பரும் உண்டு. அந்த ரப்பர் காய்ந்து விறைத்துப்போனால் காற்று வேறு வழி தேடும், ஆயிலையும் கூட்டிக்கொண்டு. நீங்கள் காஸ்கட் காஸ்கட்டாக மாற்றிச் செலவு செய்தது இந்தச் சின்ன ரப்பருக்காக இருக்கலாம். இன்னொன்று: பேஸ்ட்டை வெண்ணெய் மாதிரி அப்பவிடாதீர்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் போகும் துளையை அடைக்கும்.

காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சினோடு புல்லட் செத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பெயருக்குத்தான் புல்லட். உங்களால் மறுக்க முடியுமா?
‘ஒரிஜினல் ரைடர்’, கோயம்புத்தூர்

முடியும்.

நான் தொழில் கற்றுக்கொண்டதே காஸ்ட் அயர்ன் வண்டியில்தான். எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன், ஓடும் எஞ்சினில் ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து எந்த புஷ்ராட் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) தட்டுகிறது என்று சொல்வார். அதே அண்ணன்தான், ‘இந்த வண்டி வைத்திருப்பவன் ஒன்று மெக்கானிக்காக இருக்க வேண்டும், இல்லை மெக்கானிக்குக்குத் தங்கை கொடுத்திருக்க வேண்டும்’ என்றும் சொல்வார். ஏறக்குறைய 18 குதிரைசக்தி, நாலு கியர், டிரம் பிரேக். அன்றைய சாலைக்குச் சரி. எண்பதுகளின் நடுவில் 100 சிசி ஜப்பான் வண்டிகள் வந்தபோது மக்கள் கூட்டமாக அந்தப் பக்கம் போனதற்குக் காரணம் ரசனைக் குறைவு இல்லை. அவை ஒரே உதையில் எடுத்தன, ஒழுகவில்லை, மைலேஜ் கொடுத்தன.

அதன்பின் இந்த வரிசை எப்படித் தப்பித்தது என்று பாருங்கள். 1990-ல் ஐஷர் நிறுவனம் என்ஃபீல்டு இந்தியாவில் பங்கு வாங்கியது, 1994-ல் கம்பெனியே அவர்கள் கைக்குப் போனது. 2000-ல் மூடிவிடலாமா என்ற நிலை. ஐஷர் குடும்பத்தின் சித்தார்த்த லால் பொறுப்பேற்று, ‘கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கினார். எஞ்சினில் முதல் மாற்றம் அதை ஒட்டித்தான் வந்தது. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த முழு அலுமினிய எஞ்சின். மச்சிஸ்மோ என்ற மாடலில் வந்தது, 2002 தண்டர்பேர்டில் ஐந்து கியரோடு வந்தது. சூடு குறைந்தது, மைலேஜ் கூடியது. ஆனால் கியர்பாக்ஸ் இன்னும் தனியாகவே இருந்தது, எனவே என் பார்வையில் அது பாதிக் கிணறு.

உண்மையான திருப்பம் யூசிஇ, அதாவது யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எஞ்சின். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள். 2008-ல் தண்டர்பேர்ட் ட்வின்ஸ்பார்க், 2009-ல் நம் நாட்டில் கிளாசிக் 350, 500. வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் வந்ததால், எங்கள் வாராந்திர வருமானமாக இருந்த டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் காணாமல் போனது. வருத்தம்தான், என்ன செய்ய! ஆனால் 346 சிசி, 70-க்கு 90 என்ற அந்தப் பழைய அளவை அதிலும் தொடவில்லை. புஷ்ராடும் இருந்தது. அறுபது வருடம் முன்பு ரெடிச்சில் போட்ட கணக்கு, ஒழுகாத கூட்டுக்குள் வந்தது. காஸ்ட் அயர்ன் 2010-ஐ ஒட்டி நின்றுபோனபோது அழுதவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தைய வருடம் ஷோரூமில் போய் அதை வாங்கினார்கள் என்று நீங்களே யோசியுங்கள், ஒரிஜினல் ரைடர்.

கிளாசிக்குக்கு ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தத் தேவைதான் 2013-ல் ஒரகடம் தொழிற்சாலையையும் 2017-ல் வல்லம் வடகால் தொழிற்சாலையையும் கொண்டுவந்தது.

70-க்கு 90 என்ற கணக்குக்கு முடிவு தொடங்கியது 2020-ல்தான். பிஎஸ்6 மாசு விதி வந்த கையோடு 500 நின்றது. அந்த நவம்பரில் மீட்டியோர் என்ற மாடலில் புது ஜே வரிசை எஞ்சின் வந்தது. 349 சிசி, 72-க்கு 85.8, புஷ்ராட் இல்லை, வால்வைத் திறக்கும் கேம் மேலே ஹெட்டிலேயே சுற்றுகிறது, அதிர்வைக் குறைக்க பேலன்ஸர் ஷாஃப்ட். 20.2 குதிரைசக்தி. இத்தனை வருடத்தில் சக்தி எவ்வளவு கூடியிருக்கிறது பாருங்கள், இரண்டே இரண்டு! சோம்பேறித்தனம் என்று சிலர் திட்டுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த வண்டியை வாங்குபவன் 4000 ஆர்பிஎம்முக்கு மேலே போவதே அபூர்வம். 27 நியூட்டன் மீட்டர் இழுவை அந்த 4000-லேயே கிடைத்துவிடுகிறது. அவனுக்கு வேண்டியதை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேகம் வேண்டுமென்றால் அதே கடையில் 452 சிசி ஹிமாலயன் இருக்கிறது: ஒரே சிலிண்டர்தான், தண்ணீரில் குளிர்வது, 40 குதிரைசக்தி.

பழைய புல்லட் தெருமுனையில் வரும்போதே தெரியும். நான் புதிதாக வாங்கிய 350-ல் அந்தச் சத்தம் இல்லை. சைலன்ஸர் மாற்றினால் வருமா?
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

சத்தம் வரும். நீங்கள் கேட்கும் சத்தம் வராது, சார்.

ஒரு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், 1000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 500 வெடிப்பு, வினாடிக்கு எட்டு. பழைய வண்டியில் ஃப்ளைவீல் கனம் அதிகம், ஒரு வெடிப்பின் வேகத்திலேயே அடுத்ததுவரை சுற்றிவிடும். எனவே ஐடிலிங்கை மிகவும் கீழே இறக்கி வைக்க முடியும். அப்போதுதான் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். எங்களிடம் வருகிறவர்கள் ‘அடியை எண்ணுகிற மாதிரி செட் பண்ணுங்கண்ணே’ என்றே கேட்பார்கள். செட் பண்ணிக் கொடுப்போம். அவ்வளவு கீழே ஓடினால் ஆயில் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும், மேலே வால்வை அழுத்தும் ராக்கருக்கு ஆயில் சரியாகப் போகாது என்பதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

புது எஞ்சினில் ஐடிலிங்கை கம்ப்யூட்டர் பிடித்துவைத்திருக்கிறது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், கேட்டலிடிக் கன்வெர்ட்டர், பேலன்ஸர் எல்லாம் சேர்ந்து அடியை மழுங்கடிக்கின்றன. அதோடு, நாம் சத்தம் என்று நினைப்பதில் ஒரு பங்கு நடுக்கம்: கைப்பிடி நடுங்கியது, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது, அதெல்லாம் சேர்ந்த ஞாபகம். வெளியில் விற்கும் சைலன்ஸரைப் போட்டால் டபடப என்று ஊரைக் கூட்டும், போலீஸ் அபராதம் போடும், ஆக்ஸிலரேட்டரை விடும்போது பின்னால் வெடிக்கும். கம்பெனி சைலன்ஸரோடு, மூன்றாவது கியரில், ஆளில்லாத சாலையில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். ஜே எஞ்சினும் நீள ஸ்ட்ரோக்தான். கொஞ்சம் கேட்கும்.

கிளாசிக், புல்லட், ஹண்டர், மீட்டியோர் எல்லாவற்றுக்கும் ஒரே எஞ்சின் என்றால் எதை வாங்கினால் என்ன?
தனியார் பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

எஞ்சின் ஒன்று, உட்காரும் விதம் வேறு. மீட்டியோரின் சீட் உயரம் 765 மில்லிமீட்டர். கால் தாராளமாகத் தரையில் படும், ஆனால் கால் முன்னால் நீட்டி இருக்கும். கிளாசிக்கும் புல்லட்டும் 805, எடை 195 கிலோ. புல்லட்டுக்கு ஒரே நீள சீட். பின்னால் அம்மாவோ பிள்ளையோ உட்கார வசதி. ஹண்டர் எடை குறைவு, 181 கிலோ, இரண்டு சக்கரமும் 17 அங்குலம். சந்து பொந்து, சிக்னல், பள்ளிக்கூட வாசல் என்று ஓட்டுபவருக்கு அதுதான் சரி. குண்டும் குழியுமான சாலையில் 19 அங்குல முன்சக்கரம் வைத்த மற்றவை நிதானமாகப் போகும். நீங்கள் ஊருக்குள் தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்று எழுதியிருப்பதால் ஹண்டரை முதலில் ஓட்டிப் பாருங்கள். வண்டியை நிறுத்தி, தனியாகப் பின்னுக்குத் தள்ளியும் பாருங்கள். ஷோரூமில் யாரும் இதைச் செய்வதில்லை, வீட்டு வாசலில் தினமும் செய்யவேண்டியது அதுதான்.

மாமனார் தந்த பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஏன் இப்படி? பழகுமா?
ஐடி ஊழியர், ஓசூர்

பிரிட்டிஷ் வண்டிகளின் வழக்கம் அது. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. எழுபதுகளின் நடுவில் அமெரிக்கா எல்லா வண்டிக்கும் கியர் இடது பக்கம்தான் என்று சட்டம் போட்டதும் உலகமே மாறியது. நம் ஊரில் அந்தக் கட்டாயம் இல்லாததால் புல்லட் இந்த நூற்றாண்டிலும் வலது காலிலேயே ஓடியது. பழகும், தம்பி. ஆபத்து பழகும் காலத்தில் இல்லை, இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டும்போதுதான். அவசரத்தில் மூளை பழைய காலைத்தான் தேடும். வாரநாளில் வேறு வண்டி ஓட்டுபவர் என்றால், ஞாயிற்றுக்கிழமை புல்லட்டை எடுத்ததும் காலி மைதானத்தில் நாலு முறை பிரேக் பிடித்துவிட்டுப் பிறகு சாலைக்கு வாருங்கள்.

கியர் பெட்டியில் இன்னொரு சின்ன லீவர் இருக்குமே, அது நியூட்ரல் ஃபைண்டர். சிக்னலில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் ஒரு தட்டு தட்டினால், முதல் கியரைத் தவிர எந்த கியரிலிருந்தும் நேராக நியூட்ரல். இந்த வசதி இன்றைய வண்டிகளில் இல்லையே என்று எனக்கு உண்மையிலேயே ஏக்கம்.

டீசல் புல்லட் என்று ஒன்று இருந்ததாமே?
வாசகர், ராமநாதபுரம்

இருந்தது. பெயர் டாரஸ், 1993-ல் வந்தது. 325 சிசி, 6.5 குதிரைசக்தி. மைலேஜ் அள்ளிக் கொடுக்கும், ஓவர்டேக் செய்ய நினைத்தால் நல்ல நேரம் பார்க்க வேண்டும். மாசு விதிகள் இறுகியதும் நின்றுபோனது. இப்போது வாங்க வேண்டாம், ஆர்.சி. புதுப்பிப்பதே பெரும்பாடு.

என் மாமாவிடம் ‘மினி புல்லட்’ இருக்கிறது. அதுவும் இந்தக் குடும்பம்தானா?
பத்தாம் வகுப்பு மாணவன், கும்பகோணம்

பெயரில் மட்டும். செய்தது என்ஃபீல்டு இந்தியாதான், ஆனால் அது 200 சிசி டூ-ஸ்ட்ரோக். அதற்கும் முன்னால் வில்லியர்ஸ் எஞ்சின் போட்ட 175 சிசி க்ரூசேடர், ஷெர்பா எல்லாம் செய்தார்கள். அந்த ஷெர்பா பெயரைத்தான் இப்போது புது ஹிமாலயன் எஞ்சினுக்குத் தூசி தட்டி வைத்திருக்கிறார்கள். மாமாவிடம் ஒன்று சொல்லிவிடு: பெட்ரோலில் டூ-டி ஆயிலை அளந்து கலந்துதான் ஊற்ற வேண்டும். புல்லட்தானே என்று வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிஸ்டன் கிடைக்க புதுப்பேட்டை முழுக்க அலைய வேண்டியிருக்கும்.